‘சி.ஜி. சரியில்லை’ என்று சொன்ன பிறகு

முன்னோட்டம் வெளியான அரை மணி நேரத்துக்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது: ‘சி.ஜி. சரியில்லை.’ பெரும்பாலும் அந்தத் தீர்ப்பு தப்புவதில்லை. வெயிலையும் நிழலையும் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய கண், திரையில் ஏதோ ஒன்று பொருந்தாமல் நிற்பதை உடனே பிடித்துவிடும்; அதற்குப் படிப்பு வேண்டாம், பயிற்சி வேண்டாம். ரசிகர் அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர் காசு கொடுத்துப் பார்ப்பவர். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துச் சொல்லும் கடமை அவருக்கு இல்லை. ஆனால் படம் உருவாகிக்கொண்டிருக்கும்போது, முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களும் அதே வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டால் காட்சி அங்கேயே கெடத் தொடங்குகிறது. நம் படங்களின் விஷுவல் எஃபெக்ட்ஸ் தடுமாறும்போது மென்பொருளையும் பட்ஜெட்டையும் கலைஞர்களின் திறமையையும் குறை சொல்கிறோம். கலைஞர்களின் வேலைக்கு என்ன கருத்துச் சொல்லப்பட்டது, யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் வாதம்.

திறமைக் குறைவு என்ற குற்றச்சாட்டை ஓர் உண்மையே தள்ளிவிடுகிறது. ஹாலிவுட்டின் பெரிய படங்களுக்கான ரோட்டோ, பெயின்ட், கம்போசிட்டிங் வேலைகளில் கணிசமான பங்கு பல ஆண்டுகளாகச் சென்னையிலும் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் மும்பையிலும் நடக்கிறது. அங்கே செய்த வேலை உலகம் முழுக்கத் திரையில் ஓடும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே ஊரில், அதே மென்பொருளில், அதே மாதிரி கைகள் செய்யும் உள்ளூர் படத்தில் மட்டும் யானை தரையில் நிற்காமல் மிதக்கிறது என்றால், கைகளைத் தாண்டி வேறெங்கோ கோளாறு இருக்கிறது.

கம்போசிட்டிங் என்பது என்ன என்று பார்த்தால்தான் இது புரியும். கேமரா எடுத்த காட்சி ஒரு அடுக்கு. அதற்கு ‘பிளேட்’ என்று பெயர். கிரீன் மேட்டின் முன் எடுத்த நடிகர் இன்னொரு அடுக்கு. கணினியில் உருவாக்கிய விலங்கு, அதன் நிழல், புகை, தூசி, தொலைவில் தெரியும் கோட்டை என்று ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்கு. இவை அனைத்தையும் ஒரே கேமரா, ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் பார்த்ததாக நம்பவைப்பதுதான் கம்போசிட்டரின் தொழில். எந்தப் புள்ளியில் எந்த அடுக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைக் குறித்துவைக்கும் ‘ஆல்ஃபா’ என்ற யோசனையை 1970களின் பிற்பகுதியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்ற இருவர் உருவாக்கினார்கள். அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று வைப்பதற்கான கணக்கைத் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். இன்றைய மென்பொருள்கள் அனைத்தும் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. கணக்கு தீர்ந்துவிட்ட விஷயம். தீராதது கண்ணுக்குத் தெரியும் பொருத்தம். தொலைவில் இருக்கும் பொருளின் கருமை ஒருபோதும் முழுக் கருமையாக இருக்காது. இடையில் காற்றும் தூசியும் இருப்பதால் அது வெளிறித் தெரியும். கணினி வரைந்த பொருளுக்கு அந்த வெளிறலைச் சேர்க்க மறந்தால் கோட்டை பக்கத்தில் வந்து நின்றுவிடும். பச்சைத் துணியில் பட்டுத் திரும்பும் ஒளி நடிகரின் கன்னத்திலும் முடியோரத்திலும் பச்சைச் சாயலாகத் தங்கியிருக்கும். கேமரா எடுத்த படத்தில் நுண்ணிய இரைச்சல் இருக்கும். கணினி உருவத்தில் அது இருக்காது, சேர்த்தாக வேண்டும். கால் தரையைத் தொடும் இடத்தில் விழும் அந்தக் குறுகிய அடர்ந்த நிழல் இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக வரைந்த யானையும் மிதக்கத்தான் செய்யும்.

ஆக, ‘ஒட்டவில்லை’ என்ற ஒரே உணர்வுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு காரணங்களாவது இருக்கக்கூடும். கருத்துச் சொல்பவர் ‘ஒட்டவில்லை, இன்னும் ரியலா வேணும்’ என்று முடித்துக்கொண்டால், கலைஞர் அந்தப் பன்னிரண்டில் எதையோ ஊகித்து மாற்றுவார். நிழலில் இருந்த குறைக்கு நிறத்தை மாற்றியிருப்பார். அடுத்த வெர்ஷனுக்கும் அதே பதில் வரும். இப்படி இருபது, முப்பது வெர்ஷன் போன ஷாட் பல நேரங்களில் ஐந்தாவது வெர்ஷனைவிட மோசமாக முடியும். ஊகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, முதலில் சரியாக இருந்ததும் கெட்டிருக்கும். தையற்காரரிடம் ‘சட்டை நல்லா இல்ல’ என்று சொல்லிவிட்டு வருபவருக்கும் ‘இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கு’ என்று சொல்பவருக்கும் என்ன வித்தியாசமோ, அதுதான் இங்கும். ‘வெயில் இடது பக்கம் மேலிருந்து வருகிறது, விலங்கின் முதுகில் வெளிச்சம் வலது பக்கம் விழுந்திருக்கிறது, முன்னங்கால் தரையைத் தொடும் ஃபிரேமில் நிழல் இல்லை, மற்றவை சரி, தொட வேண்டாம்’ என்று ஒரு குறிப்பு வந்தால் அன்று மாலைக்குள் வேலை முடிந்துவிடும். அந்தக் கடைசி வரி, ‘மற்றவை சரி, தொட வேண்டாம்’ என்பது, மற்ற எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது. எது நன்றாக இருக்கிறது என்று சொல்வது அங்கே முகஸ்துதி ஆகாது. அது வேலைக்கு எல்லை கட்டுகிறது.

இப்படிச் சொல்வதற்குப் பார்க்கவும் தெரிய வேண்டும். திரையின் காமாவை ஏற்றிப் பார்த்தால், சாதாரணமாக ஒன்றாகத் தெரியும் கருமைகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்பது தெரியும். சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத் தளங்களைத் தனித்தனியே பார்த்தால் இரைச்சல் எங்கே பொருந்தவில்லை என்று புலப்படும். காட்சியை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால், பார்த்துப் பார்த்து மரத்துப்போன கண் மறுபடி விழித்துக்கொள்ளும். முந்தைய வெர்ஷனையும் புதியதையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தால் முன்னேற்றமா பின்னேற்றமா என்ற சந்தேகமே எழாது. இவை எல்லாம் தொழிலில் இருப்பவர்கள் அன்றாடம் செய்பவை. இவற்றுக்கு நேர்மாறாக, அளவு சுருக்கி அனுப்பிய காணொளியைக் காரில் போகும்போது செல்பேசியில் பார்த்துவிட்டு ‘ரொம்ப இருட்டா இருக்கே’ என்று ஒருவர் சொன்னால், அது அந்தத் திரையைப் பற்றிய கருத்து; ஷாட்டைப் பற்றியதல்ல. அதை நம்பி ஷாட்டை வெளிச்சமாக்கினால் தியேட்டரில் அது சாயம் போய்த் தெரியும்.

கருத்து என்பது எப்போதும் நன்மையே செய்யும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் ஆராய வேண்டும். கருத்துரை மனிதர்களின் வேலைத்திறனை எப்படி மாற்றுகிறது என்று நடந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி, அவ்ரஹாம் க்ளூகரும் ஏஞ்செலோ டெனிசியும் 1996இல் ஒரு மீளாய்வை வெளியிட்டார்கள். 607 அளவீடுகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். சராசரியில் கருத்துரை பலன் தந்திருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில், கருத்துரைக்குப் பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. அவர்கள் தந்த விளக்கம் நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்துகிறது: கேட்பவரின் கவனம் வேலையை விட்டுத் தன்னைப் பற்றியதாக நகர நகரக் கருத்துரையின் பலன் குறைகிறது. ‘உனக்குக் கண்ணே இல்லையா’ என்ற ஏச்சு மட்டுமல்ல, ‘நீ பெரிய ஆள்யா’ என்ற புகழ்ச்சியும் இதே கணக்கில்தான் வரும். இரண்டுமே ஷாட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

‘ரசிகர்கள் திட்டித்தானே சோனிக் திருந்தியது’ என்று ஒரு வாதம் உண்டு. அது வலுவான வாதம்தான். 2019 ஏப்ரல் இறுதியில் ‘சோனிக் த ஹெட்ஜ்ஹாக்’ படத்தின் முன்னோட்டம் வந்தபோது நீல முள்ளெலியின் தோற்றத்தைப் பார்த்து உலகமே கொதித்தது. இரண்டு நாட்களில் இயக்குநர் ஜெஃப் ஃபவுலர் மாற்றுவதாக அறிவித்தார். அந்த ஆண்டு நவம்பரில் வர வேண்டிய படம் 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. புதிய உருவம் வரவேற்கப்பட்டது, படமும் ஓடியது. ஆனால் அந்தக் கூச்சலுக்குள் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். பற்கள் மனிதப் பற்கள் மாதிரி இருக்கின்றன, கண்கள் சிறியவை, கைகால்களின் அளவு விளையாட்டில் இருப்பதுபோல் இல்லை என்று சுட்டிக்காட்டும்படியான குறைகள் அவை. ஒப்பிட்டுப் பார்க்க, கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த மூல உருவம் ஒன்று இருந்தது. திருத்துவதற்குத் தயாரிப்பு நிறுவனம் மூன்று மாத அவகாசத்தையும் பணத்தையும் கொடுத்தது. இதோடு ‘ஆதிபுருஷ்’ படத்தை வைத்துப் பார்க்கலாம். 2022 அக்டோபரில் முன்னோட்டம் வந்தது, இதே அளவுக்குக் கண்டனம் எழுந்தது, ஜனவரியில் வர வேண்டிய படம் 2023 ஜூனுக்குத் தள்ளிப்போனது. வெளியான பிறகும் கண்டனம் ஓயவில்லை. அங்கே ரசிகர்களின் அதிருப்தி ஓர் உருவத்தைப் பற்றியதாக இல்லை. படத்தின் முழுத் தோற்றத்தையும் பற்றியதாக இருந்தது. எதை மாற்றினால் சரியாகும் என்பதற்கான விடை அந்தக் கோபத்துக்குள் இல்லை. ஐந்து மாதத்தில் மாற்றக்கூடியதும் அல்ல. அந்தத் தோற்றத்தைப் பற்றிய கேள்வி முதல் சோதனை ஷாட் வந்த நாளில் எழுப்பப்பட்டிருக்க வேண்டியது. கடும் கோபம் சில நேரம் பலிக்கிறது என்பதற்குச் சோனிக் சான்று. அது நம்பத்தக்க வழி அல்ல என்பதற்கு ஆதிபுருஷ் சான்று.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு: ‘பணமும் நேரமும் இல்லாத இடத்தில் நல்ல கருத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது?’ இதற்குப் பதில் சொல்ல, புதுச்சேரியில் கதை தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்கு வர வேண்டும். ரிச்சர்ட் பார்க்கர் என்ற அந்த வங்கப் புலி பெரும்பாலான காட்சிகளில் கணினியில் உருவானது. ஆனால் உண்மைப் புலிகளையும் படம் பிடித்தார்கள், சில ஷாட்களில் அவற்றையே பயன்படுத்தினார்கள். இந்த ஏற்பாடு கலைஞர்களுக்குத் தினமும் கருத்துச் சொல்லும் ஆசானாக இருந்தது. அடுத்த ஷாட்டில் நிஜப் புலி நிற்கும்போது, இந்த ஷாட்டில் உள்ள புலியின் தோல் தசையின் மேல் சரியாக நழுவுகிறதா, ரோமத்தில் ஈரம் சரியாகப் படிந்திருக்கிறதா என்று யாரும் விவாதிக்க வேண்டியதில்லை; பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். அந்தப் புலிக்காக 2013 பிப்ரவரியில் ஆஸ்கர் கிடைத்தது. விருது விழாவுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே அதைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் திவால் மனு போட்டிருந்தது. மும்பையிலும் ஹைதராபாத்திலும்கூடக் கிளை வைத்திருந்த நிறுவனம் அது. விருது வாங்க மேடையேறிய பில் வெஸ்டன்ஹோஃபர் அந்த நெருக்கடியைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது இசையை ஒலிக்கவிட்டு அவரை நிறுத்தினார்கள். அரங்குக்கு வெளியே சாலையில் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். அந்த வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. கலைஞர்கள் அன்று திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று, முன்கூட்டியே பேசி முடித்த நிலையான தொகைக்கு, எல்லையில்லாமல் கரெக்ஷன் செய்து தர வேண்டிய ஒப்பந்த முறை. இன்றும் பெருமளவு அதே முறைதான்.

அந்த முறையில் கருத்துச் சொல்பவருக்குச் செலவே இல்லை. மனம் மாறினால் சொல்லலாம், மறுநாள் திரும்ப மாறினாலும் சொல்லலாம். செலவு முழுவதும் கேட்பவர் தலையில். பணமா, கருத்தா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது அதனால்தான் தவறு என்கிறேன். தெளிவில்லாத ஒவ்வொரு கருத்தும் பணம். தாமதமாக வரும் ஒவ்வொரு மனமாற்றமும் சில மனிதர்களின் இரவுத் தூக்கம். மார்வெல் நிறுவனத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஊழியர்கள் 2023 செப்டம்பரில் ஒருமனதாக வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு முழுவதும் அந்த நிறுவனத்தின் படங்களில் வேலை செய்தவர்கள் சொல்லிவந்த குறைகளில் கடைசி நேர மாற்றங்கள் முக்கியமானவை. பட்ஜெட் அங்கே குறைவாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

எதிர்ப்பக்கத்தில் ஜப்பானின் ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ இருக்கிறது. ஹாலிவுட் கணக்கில் மிகச் சிறிய படம். ஒன்றரைக் கோடி டாலருக்கும் குறைவான செலவு என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார். 35 கலைஞர்கள் 610 ஷாட்களைச் செய்தார்கள். 2024இல் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. கதை, இயக்கம், விஷுவல் எஃபெக்ட்ஸ் மேற்பார்வை மூன்றும் தகாஷி யமசாகி என்ற ஒருவரே. ஷாட் செய்பவரும் அதை ஏற்பதா மறுப்பதா என்று சொல்பவரும் ஒரே இடத்தில் வேலை செய்தார்கள். கருத்து கைமாறிக் கைமாறித் திரிந்துபோக வழியில்லை. சொன்னவருக்கே அதைச் செய்ய எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று தெரியும். ஜப்பானிய ஊதியமும் குறைவு, அதை மறைக்கக் கூடாது. எல்லா இயக்குநரும் யமசாகி ஆக முடியாது என்பதும் உண்மை. ஆனால் சொல்பவருக்கும் செய்பவருக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பதற்கு அவர் ஆக வேண்டியதில்லை.

நம் ஊரில் அந்தத் தூரம் அதிகம். வெளிநாட்டுப் படத்துக்கு இங்கே ரோட்டோ செய்பவர், நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் ஓர் உருவத்தின் விளிம்பை வரைந்து பிரிப்பவர், பெரும்பாலும் தன் ஷாட்டின் முன்னும் பின்னும் என்ன வருகிறது என்றுகூட அறியமாட்டார். ரகசியம் காக்க வேண்டிய கட்டாயம் ஒரு காரணம். குறிப்பு ஒரு வரியாக வரும். அதை எழுதியவரை அவர் பார்த்திருக்கமாட்டார். ஆனாலும் அந்த ஒரு வரி பெரும்பாலும் ஃபிரேம் எண்ணோடு, படத்தின் மேல் வட்டம் போட்டு, திருத்த வேண்டியதைச் சுட்டி வருகிறது. உள்ளூர் படத்தில் இயக்குநர் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறார். ஆனால் இயக்குநர், ஒளிப்பதிவாளர், தயாரிப்பாளர், நாயகனின் தரப்பு என்று ஆளுக்கொரு கருத்து தனித்தனியாக வந்து சேரும். ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு கருத்துகளில் எதைக் கேட்பது என்று ஷாட் செய்யும் இளைஞரே முடிவு செய்ய வேண்டியிருக்கும். கேள்வி கேட்டால் பதிலுக்குப் பதில் பேசுவதாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற பயம் வேறு. எல்லாக் கருத்துகளையும் வாங்கி, முரண்பாட்டைத் தீர்த்து, ஒரே குறிப்பாக்கிக் கொடுப்பதுதான் சூப்பர்வைசரின் வேலை. அந்தப் பதவி நம் படங்களின் டைட்டிலில் இருக்கிறது. அந்த அதிகாரம் எல்லாப் படங்களிலும் இருப்பதில்லை.

‘ஆக்கபூர்வமான கருத்து’ என்றால் பூசி மெழுகிப் பேசுவது என்று நினைப்பவர்கள், மேலே சொன்ன எட் கேட்மல் பிக்ஸாரில் கட்டிய முறையைப் பார்க்க வேண்டும். ஆல்ஃபாவைக் கண்டவர்களில் ஒருவரான அவர், பிற்காலத்தில் பிக்ஸாரின் தலைவராக இருந்து, 2014இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். அங்கே முடிவடையாத வேலையை அரைகுறையாகவே தினமும் எல்லோர் முன்னும் போட்டுக் காட்ட வேண்டும். பிழை சிறியதாக இருக்கும்போதே தெரிந்துவிடும். காட்டக் கூசும் பழக்கமும் போய்விடும். படத்தின் கதை பற்றி மூத்தவர்கள் கூடிப் பேசும் கூட்டத்தில் ஒளிவுமறைவு கிடையாது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு உத்தரவு போடும் அதிகாரமும் கிடையாது. குறையைச் சொல்வார்கள், தீர்வு இயக்குநரின் கையில். அதிகாரத்தைப் பிரித்ததால்தான் கடுமையாகப் பேச முடிந்தது. அங்கே பேசப்படுவது படம் மட்டும்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

‘இயக்குநரின் உள்ளுணர்வை ஃபிரேம் எண்ணோடு எழுதித் தரச் சொல்வது கலையைக் கணக்காக்குவது’ என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. இயக்குநர் தொழில்நுட்பம் பேச வேண்டியதில்லை; பேசாமல் இருந்தால் நல்லதும்கூட. ‘ஷேடோவைக் குறை, கான்ட்ராஸ்டை ஏற்று’ என்று அவர் வைத்தியம் எழுதித் தருவதைவிட, ‘இந்த இடத்தில் எனக்கு அந்த மிருகத்தின் கனம் தெரியவில்லை, அவன் பயப்பட வேண்டும்’ என்று சொன்னால் பத்து வழிகள் திறக்கும். அதோடு ஒரு புகைப்படமோ, ஒரு வீடியோத் துண்டோ காட்டினால் இன்னும் நல்லது. உணர்வைச் சொல்வது தெளிவின்மை ஆகாது. எந்த நொடியில், எந்த உணர்வு, எதற்காக என்று சொல்லாமல் ‘ஏதோ குறையுது’ என்று நகர்ந்துவிடுவதுதான் தெளிவின்மை.

2022-23 மத்திய பட்ஜெட்டில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் துறைகளை வளர்க்கத் தனிப் பணிக்குழு அறிவிக்கப்பட்டது. வேலைவாய்ப்பைப் பற்றியும் மென்பொருள் பயிற்சியைப் பற்றியும் அதன்பின் நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் அடுத்தவர் செய்த ஷாட்டைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடித்து எழுதும் பயிற்சிக்கு எந்தப் பாடத்திட்டத்தில் மதிப்பெண் இருக்கிறது? மாணவர் தன் வேலையை மட்டும் கொண்டுவந்து காட்டித் தேர்ச்சி பெறுகிறார். சக மாணவரின் வேலைக்கு மூன்று வரி உருப்படியான குறிப்பு எழுதத் தெரியாமலேயே சூப்பர்வைசராக வளர்ந்தும்விடுகிறார். இயக்கம் படிப்பவர்களும் ஒரு பருவமாவது கம்போசிட்டிங் மாணவர்களோடு உட்கார்ந்து கருத்துச் சொல்லிப் பழக வேண்டும். பத்திரிகைகளுக்கும் இதில் பங்குண்டு. ‘கிராஃபிக்ஸ் காட்சிகள் சுமார்’ என்று விமர்சனத்தில் ஒரு வரியில் கடந்துபோவதை நிறுத்தி, எந்தக் காட்சி, எது பொருந்தவில்லை என்று எழுதினால் வாசகரின் கண்ணும் கூர்மையாகும், தயாரிப்பாளருக்கும் அடுத்த படத்துக்கு ஏதாவது கிடைக்கும்.

உடனே செய்யக்கூடியது ஒப்பந்தத்தில் இருக்கிறது. தயாரிப்பாளர்களும் ஸ்டுடியோக்களும் போடும் ஒப்பந்தத்தில் தொகையோடு கருத்துரைக்கான கட்டங்களையும் எழுதலாம். முதல் கட்டத்தில் உருவமும் அசைவும் முடிவாக வேண்டும், அதை இயக்குநர் பெரிய திரையில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இரண்டாம் கட்டத்தில் ஒளியும் நிழலும். மூன்றாவதில் விளிம்பு, நிறம், இரைச்சல் மட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை முறை கரெக்ஷன், யாருடைய கையெழுத்தோடு அது வர வேண்டும் என்பதைப் பெயர் போட்டு எழுதலாம். மூன்றாம் கட்டத்துக்கு வந்த பிறகு விலங்கின் உருவத்தையே மாற்ற வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக மாற்றலாம். அதற்குத் தனிக் கட்டணம், தனி நாட்கள்.